பட்டினி வயிற்றின் கையெழுத்து

பட்டினி வயிற்றோடு போடுகிற கையெழுத்து செல்லாது. தெளிந்த மனச் சட்டத்தின் முதல் விதி இதுதான். சட்டம் வந்த புதிதில் ஊரே வாய்விட்டுச் சிரித்தது. "பசிச்சவன்கிட்ட வாயக் குடுக்காதேன்னு எங்க வீட்லயே சொல்லுவாங்க, அதுக்கு ஒரு சட்டமா?" என்று டீக்கடைகளில் ஒரே கேலி. அப்புறம் கயத்தாறு பக்கத்து ஆள் ஒருத்தர், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு பூர்வீக நிலத்தை விற்கப் பத்திர அலுவலகம் வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கய்யா" என்று திருப்பி அனுப்பினார்கள். போனவர் திரும்பி வரவேயில்லை. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் அந்த நிலத்தில் சேர்ந்துதான் உளுந்து போடுகிறார்கள். கேலி அடங்கிவிட்டது.

பசியில் ஆரம்பித்த சட்டம் அதோடு நிற்குமா? எதைத் தின்கிறோம், எப்போது தின்கிறோம் என்பது வரைக்கும் வளர்ந்தது. இப்போதெல்லாம் சொத்து விற்க, வேலையை விட, விவாகரத்து வாங்க, எதற்கு வந்தாலும் முதலில் ஒரு குடல்மணியை விழுங்க வேண்டும். மிளகைவிடச் சின்னது. வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் வில்லைக்குச் சேதி அனுப்பும். வில்லையில் 'தெளிவு' என்று வந்தால் நீங்கள் பேசுவது உங்கள் பேச்சு. 'கலக்கம்' என்று வந்தால் பேசுவது உங்கள் வயிறு. அப்படிப்பட்டவர்களை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பத்திய இல்லத்துக்கு அனுப்பிச் சரிசெய்து கூட்டிவருவார்கள்.

அதில் குடும்ப வழக்குக்காரர்களுக்கான பத்திய இல்லத்தின் கண்காணிப்பாளர்தான் நான். பெயர் வெயிலுகந்தாள். எல்லோருக்கும் வெயிலாக்கா. சத்துணவியல் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள், அது உண்மைதான்.

செண்பகவல்லி விவாகரத்துக் கேட்டு வந்த அன்று நானும் குடும்ப மன்றத்தில் இருந்தேன். மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்கிற பெண். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், உதட்டோரம் புண். நீதிபதி எஸ்தர் அம்மா கேட்ட எல்லாக் கேள்விக்கும் வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னாள்.

"அடிப்பாரா?"

"இல்லம்மா."

"குடி?"

"கிடையாது. குரலக்கூட உசத்த மாட்டாரு. போதுமா?"

பக்கத்தில் அவள் கணவன் சங்கரேஸ்வரன் அமைதியே உருவாக நின்றான். காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். உச்சாணி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வேலை, அதற்கு வேண்டிய நிதானம் முகத்திலேயே இருந்தது. அவனுடைய அம்மா கொடுத்த வாக்குமூலத்தில், மருமகள் எரிகிற அடுப்பிலிருந்து தோசைக்கல்லைத் தூக்கித் தரையில் எறிந்தாள், டைல்ஸ் ரெண்டாகப் போனது என்று இருந்தது.

"எறிஞ்சீங்களா?"

"எறிஞ்சேன்."

"ஏன்?"

செண்பகம் வாயைத் திறந்தாள். சொல்லத் தெரியாமல் மூடிக்கொண்டாள். வில்லைகளைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெளிவு. அவளுக்குக் கலக்கம், அதுவும் பளிச்சென்று.

"உங்க கோபம் உங்களுதா, இல்ல வயித்தோடதான்னு தெரிஞ்சிக்கிட்டுப் பேசலாம்மா" என்றார் நீதிபதி, கனிவாகத்தான். "ஒரு மண்டலம் போயிட்டு வாங்க."

சங்கரேஸ்வரன் மனைவி பக்கம் திரும்பி, "உடம்பத் தேத்திக்கிட்டு வா செண்பகம். எல்லாம் சரியாயிரும்" என்றான். எனக்கே அவன்மேல் ஒரு மரியாதை வந்தது. எவ்வளவு பொறுமையான மனுஷன்!

இல்லத்துக்கு வந்த முதல் நாள் மதியம் பந்தி போட்டோம். கேப்பைக்களி, முருங்கைக்கீரைப் பொரியல், மோர், கொஞ்சம் நிலக்கடலைத் துவையல். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் சுவரோரம் நின்றாள்.

"என்ன தாயி, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? உக்காரு."

"அவங்க சாப்பிடட்டும்க்கா. நான் அப்புறமா..."

"இங்க அப்புறம்னு ஒண்ணு கிடையாது. சூடு ஆறுனா என் கணக்கு கெட்டுப்போகும். உக்காருங்கிறேன்."

உட்கார்ந்தாள். களி ஆவி பறந்தது. உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தவள், விழுங்காமல் அப்படியே இருந்தாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"என்னாச்சு? காரமா?"

"சுடுதுக்கா" என்றாள். "சூடாச் சாப்ட்டு ரொம்ப நாளாச்சு."

சாயங்காலம் அவளுடைய உணவு விவரம் எடுக்க உட்கார்ந்தேன். காலையில் என்ன சாப்பிடுவாய் என்றேன். டீ. மதியம் கடையில்? டீ, ரெண்டு பிஸ்கெட். ராத்திரி?

"மிச்சம்."

"மிச்சம்னா?"

"என்ன மிஞ்சுதோ அது. ஃப்ரிட்ஜுல மூணு நாள் சாம்பார் இருந்தா அது. தூக்கிப் போட மனசு வராதுல்ல."

"பழசு நல்லதுதான், நீச்சத்தண்ணி ஊத்துன பழசா இருந்தா. ஃப்ரிட்ஜு சாம்பார் அந்த வகையில சேராது. சரி, தோசை சுட்டா?"

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் சிரிப்பு.

"மொதல் தோசை கல்லுல ஒட்டும், பிஞ்சு பிஞ்சு வரும். அது என் தோசை. ஓரமா வச்சிருவேன். அப்புறம் மாமாவுக்கு, அத்தைக்கு, அவருக்கு, ஒவ்வொண்ணா சூடா. அவங்க முடிச்சப்புறம் மாவு இருந்தா வழிச்சு ஒண்ணு ஊத்துவேன். இல்லாட்டி அந்தப் பிஞ்சதுதான். அன்னிக்கு அந்தப் பிஞ்ச தோசையை அவரு எடுத்து நாய்க்குப் போட்டுட்டாரு. யாருக்கும் வேண்டாத தோசைன்னு நெனச்சிருக்காரு. அவ்வளவுதான். கல்லு கையில இருந்துச்சு."

"இத நீதிபதிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தோசைக்காக விவாகரத்தான்னு கேப்பாங்களே."

கேட்டிருப்பார்கள்தான். நானே கேட்டிருப்பேன்.

அப்புறம் அவளே கேட்டாள். "அக்கா, உள்ளபடியே சொல்லுங்க. இந்த மணி என்னத்தப் பாக்குது?"

"குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. பயப்படாத, முக்காவாசி நல்லதுதான். நாம போடறதத் தின்னுட்டு அதுங்க சுரக்கிறது ரத்தத்துல கலக்கும், நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும். கீரை, பயறு, மோர்னு நேரத்துக்குப் போட்டா நல்ல சேதி. வெறும் டீயும் சீனியும் மிச்சமுமா வருஷக்கணக்குல போட்டா, தூக்கம் போகும், வாய்ப்புண்ணு வரும், தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும். அந்தச் சேதியத்தான் மணி ஒட்டுக் கேக்குது."

"அப்ப சாப்பாடு சரியானா என் கோபம் போயிருமா?"

"போயிரும். பெரும்பாலும்."

அவள் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ! கோபம் போயிட்டா நான் எத வச்சு வெளிய வருவேன்? எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதானே. சந்தோஷமா ஆக்கி, திருப்பி அங்கயே அனுப்பிருவீங்க. நானும் சிரிச்சிக்கிட்டே போவேன்."

எத்தனையோ பெண்கள் அந்த இல்லத்துக்கு வந்து தெளிந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அரசாங்கம் அதை வெற்றிக் கணக்கில்தான் எழுதுகிறது. "காலைல கம்மங்கூழு. நேரத்துக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னேன்.

வாரங்கள் போகப்போக அவள் மாறினாள். வாய்ப்புண் ஆறியது. ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். மற்ற பெண்களைக் கேலி செய்ய ஆரம்பித்தாள், என்னையும்தான். என் கீரைப் பிரசங்கத்தை என் குரலிலேயே பேசிக் காட்டிப் பந்தியையே சிரிக்க வைப்பாள். ஆனால் தினமும் காலையில் வில்லையைப் பார்க்கும்போது அவளிடம் ஒரு பயம் இருந்தது. தெளிவு நெருங்க நெருங்க, தன்னையே தன்னிடமிருந்து யாரோ வாங்கிக்கொண்டு போவதுபோல் பார்ப்பாள்.

மண்டலம் முடிந்தது. மன்றத்தில் அவள் வில்லை தெளிவு என்று காட்டியது.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

செண்பகம் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "கோபம் போயிருச்சும்மா. அவரு கெட்டவரு இல்ல. ஆனா நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். முன்னாடி ஏன்னு சொல்லத் தெரியல, இப்பத் தெரியுது. அங்க நான் ஆளா இல்ல, அடுப்பா இருந்தேன்."

என் நெஞ்சு நிறைந்துபோனது. கோபம் போயும் முடிவு போகவில்லையே!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சங்கரேஸ்வரன் மேசையில் ஓங்கி அடித்திருந்தான். "என்ன சொல்லிக் குடுத்திருக்காங்க இவளுக்கு? ஒரு மண்டலமா ஒரு மனுசன் எப்படி இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?" என்று கத்தினான். எழுத்தர் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவன் முகம் உப்பியிருந்தது, கண் சிவந்திருந்தது. வில்லையைப் பார்த்தார்கள். கலக்கம்.

அவன் அம்மாவுக்கு மூட்டுவலி, நிற்க முடியாது. அப்பாவுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. ஆக, செண்பகம் போன நாளிலிருந்து பரோட்டா, சால்னா, பிரியாணி, நடுவில் ஒன்றுமில்லாத வயிறு, அதற்கு மேல் கலர் சோடா. பதினோரு வருஷத்து நிதானம் ஒரு மண்டலத்தில் காணாமல் போயிருந்தது. அதை யார் சமைத்துப் போட்டார்கள் என்று அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல தெளிவா இருந்தாத்தான் நான் உத்தரவு போட முடியும்" என்றார் நீதிபதி, வருத்தமாக. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "அம்மா, நடைமுறைப்படி, மனைவி கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் சமையலச் சீர்படுத்தினா கணவர் தெளிஞ்சிருவார். அப்புறம் விசாரிக்கலாம்."

"நான் போனா அவரு தெளிஞ்சிருவாரு" என்றாள் செண்பகம். "எனக்குக் கலங்கிரும். அப்புறம் நான் இங்க வருவேன், அவருக்குக் கலங்கும். இப்பிடியே ஆடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானா?"

எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"அவர என் இல்லத்துக்கு அனுப்புங்கம்மா. நான் தேத்தித் தாரேன்."

"ஆண்கள் பகுதி இருக்கா உங்க இல்லத்துல?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இல்லை. சட்டம் வந்து இத்தனை வருஷத்தில் குடும்ப வழக்கில் ஒரு ஆண்கூட கலக்கம் என்று வந்ததில்லை. கட்டும்போதே யாரும் அறை கட்டவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சாமான் அறை ஒண்ணு இருக்கு. பயறு மூட்டையெல்லாம் தள்ளிட்டு ஒரு கட்டில் போட்டுரலாம்" என்றேன்.

அப்படித்தான் சங்கரேஸ்வரன் வந்தான். செண்பகம் தன் தங்கை வீட்டில் தங்கி வேலைக்குப் போனாள். சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள், வாரம் ஒருமுறை வில்லையைக் காட்ட இல்லத்துக்கு வருவாள்.

முதல் வாரம் கூழைப் பார்த்து முகம் சுளித்தான். இரண்டாவது வாரம் கீரை இன்னும் கொஞ்சம் கேட்டான். இல்லத்தில் சமையல் முறைவைத்துத்தான். அவன் முறை வந்தபோது, "எனக்குச் சமைக்கத் தெரியாதுங்களே" என்றான்.

"பொறக்கும்போதே கரண்டியோட யாரும் வரலப்பா. காத்தாடி உச்சியில நட்டு முடுக்கத் தெரியுதுல்ல, வெங்காயம் உரி."

உரித்தான். கருக்கினான். ஒருநாள் உப்பே போடாமல் இறக்கினான், பெண்கள் கேலி செய்தே அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். முறை வைத்துச் சமைக்கிறவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் உட்கார வேண்டும், அது மட்டும் என் சட்டத்தில் இருந்த ஓட்டை. அந்த வாரக் கடைசியில் அவன் என் மேசை முன்னால் வந்து நின்றான்.

"வெயிலாக்கா, வில்லையில தெளிவு கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆறிப்போனதச் சாப்ட்டதாலயா?"

"அதுவும்தான். நின்ன அலுப்பு, பசி தாண்டிப்போனது, எல்லாம் சேத்துத்தான்."

"ஒரு வாரத்துக்கே இப்படியா?"

"ஒரு வாரத்துக்கே இப்படி."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். நானும் அந்த ஓட்டையை அடைத்தேன். அதற்கப்புறம் சமைத்தவர்களுக்குத்தான் முதல் பந்தி.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் செண்பகம் வில்லையைக் காட்ட வந்தாள். அவன் அடுப்படியில் தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "இரு, ஒரு தோசை சாப்ட்டுட்டுப் போ" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரை ஆய்வதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

முதல் தோசை கல்லில் ஒட்டியது. சுரண்டிச் சுரண்டி எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டான். இரண்டாவது முறுகலாக, முழுசாக வந்தது. அதை அவள் தட்டில் போட்டு, துவையலும் வைத்து, முன்னால் நின்றான். அவள் பிட்டுச் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றாள். முழுத் தோசையும் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தாள். "நெசமாவே நல்லா இருக்கு. ஆனா நான் வரலங்க."

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பஸ் வராது என்று சொல்வதுபோல் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் போன பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிய்ந்த தோசை தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

காலையில் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். வில்லையில் கலக்கம்.

"சாப்பிடலையா?"

"இறங்கலக்கா."

நான் பயறு மூட்டைமேல் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். "இன்னிக்கு நீ பட்டினியாப் போனா வழக்கு தள்ளிப்போகும். அடுத்த வாட்டியும் பட்டினியாப் போனா அடுத்த வாட்டியும் தள்ளும். நீ சாப்பிடாம இருக்கிற வரைக்கும் அவ ஒம்பொண்டாட்டிதான். சட்டத்துல உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த வழி அவனுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை என்று தெரிந்தது. இப்போது தோன்றியது. அதை அவன் எண்ணிப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று இருந்தது.

"அவ காலைல சாப்ட்டிருப்பாளா?" என்று கேட்டான்.

"சாப்ட்டிருப்பா. இப்பல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறா."

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். "இட்லி இருக்கா?"

தட்டில் இட்லி வைத்துப் பருப்புச் சாம்பார் ஊற்றினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, மருந்து விழுங்குகிறமாதிரி விழுங்கினான். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டு முடித்தான். அந்தப் பாழாய்ப்போன மணிக்கு அழுகையைக் கேட்கத் தெரியாது. மன்றத்துக்கு வண்டி ஏறும்போது வில்லையில் தெளிவு என்று வந்துவிட்டது.

நீதிபதி இரண்டு வில்லைகளையும் பார்த்தார். "ஆட்சேபம் உண்டா?" என்று அவனைக் கேட்டார். "இல்லைங்கம்மா" என்றான். கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டார்கள்.

செண்பகம் பேனாவை எடுத்துக்கொண்டு, போடாமல், என் பக்கம் குனிந்தாள். அவளும் மருந்து படித்தவள்தானே, அவன் பட்டினி இருந்தால் வழக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் அதைத்தான் பயந்துகொண்டு கிடந்திருப்பாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "அவரு காலைல சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு. வச்சதெல்லாம் சாப்ட்டாரு."

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கையெழுத்துப் போட்டாள்.